அறிவியல், பொறியியல், புள்ளியியல் விரிவுரைக் குறிப்புகள்: வகுப்பறை முதல் தேர்வுக் கூடம் வரை

செமஸ்டர் தேர்வு நெருங்கும் வாரத்தில் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெரியும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவியின் நோட்டு கைமாறிக் கைமாறி, முனை மடங்கி, பிரதிகளாகப் பெருகும். அதே நோட்டை வைத்து அவள் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். பிரதி எடுத்தவர்களில் பலர் திணறுகிறார்கள். அவள் அந்தப் பக்கங்களை எழுதும்போதே யோசித்திருக்கிறாள், சந்தேகப்பட்டிருக்கிறாள், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக வழி தேடியிருக்கிறாள். அந்த உழைப்பு ஜெராக்ஸில் வராது.

அந்த உழைப்பை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. இயற்பியல், வேதியியல், பொறியியல், புள்ளியியல் எதுவானாலும் ஒரு வேலை பொதுவானது. ஒவ்வொரு சூத்திரத்தோடும் அது எந்த நிபந்தனையில் செல்லும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். நிபந்தனை இல்லாமல் எழுதிய சூத்திரம் தேர்வில் கைவிடும், வேலையில் ஆபத்தாகவும் முடியும். நிபந்தனையை எங்கே தேடுவது என்பது பாடத்துக்குப் பாடம் மாறுவதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நோட்டை அமைத்துக்கொள்ளுதல்

ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடித்த நோட்டில் அடைத்தால் மூன்றாம் வாரத்திலேயே ஒழுங்கு குலைந்துவிடும். முதல் நான்கு பக்கங்களைக் காலியாக விடுங்கள். முதல் இரண்டு பக்கம் குறியீட்டு அட்டவணைக்கு, அடுத்த இரண்டு பக்கம் பொருளடக்கத்துக்கு. பக்க எண்ணை நீங்களே போடுங்கள்.

வகுப்பில் வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் முழுவதும் காலியாக இருக்கட்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் 1950களில் பரப்பிய முறையில், பக்கத்தின் இடது ஓரத்தில் கேள்விகளுக்காக ஒரு பத்தியை ஒதுக்குவார்கள். வரலாறு, பொருளாதாரம் போன்ற பாடங்களுக்கு அது போதும். சமன்பாடும் படமும் நிறைந்த பாடத்துக்கு அந்த ஓரம் பத்தாது. விடுபட்ட நான்கு வரிகளையும் ஒரு படத்தையும் எழுத ஒரு முழுப்பக்கம் வேண்டும். அதனால்தான் இடப்பக்கம் முழுவதையும் விடச் சொல்கிறேன். காகிதம் வீணாகும் என்று தயங்கவேண்டாம், ஒரு மாதத்தில் அந்தப் பக்கங்கள்தான் அதிகம் நிறைந்திருக்கும்.

கையால் எழுதுவதா, மடிக்கணினியில் தட்டுவதா? 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள், தட்டச்சு செய்பவர்கள் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்ய முனைவதால் கருத்துப் புரிதலில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார்கள். பின்னர் அதையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் நம் பாடங்களில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. தொகையீட்டுக் குறியையும் அணியையும் பீமின் படத்தையும் வகுப்பின் வேகத்தில் தட்டச்சு செய்வது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். பேனாவை எடுங்கள். டேப்லெட்டில் எழுதுகோல் கொண்டு எழுதுவதும் கையெழுத்துதான்.

இரண்டாம் படி: வகுப்புக்கு முன் கால் மணி நேரம்

பாடத்திட்டத்தைத் திறந்து இன்று எந்தத் தலைப்பு என்று பாருங்கள். பாடநூலில் அந்தப் பகுதியின் தலைப்புகள், படங்கள், கடைசிச் சமன்பாடு ஆகியவற்றை மட்டும் பாருங்கள். முழுதாகப் படிக்கவேண்டியதில்லை. இறுதியில் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்தால் கரும்பலகையில் வரும் ஒவ்வொரு வரியும் எதற்காக என்று விளங்கும். முந்தைய வகுப்பின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: வகுப்பில் எதை எழுதுவது

பலகையில் எழுதியதை எல்லோரும் எழுதுகிறார்கள். வாயால் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. மதிப்புள்ள பகுதி பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது. "உராய்வை இப்போதைக்கு விட்டுவிடுவோம்", "இது சிறிய கோணத்துக்கு மட்டும்", "வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லும் சொற்கள் பலகைக்கு வருவதே இல்லை. அவற்றை அந்தந்த வரிக்கு நேராக, வேறு நிற மையில் எழுதுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடைப்பிடித்தாலும் உங்கள் நோட்டு மற்றவர்களுடையதைவிட மேலானதாகிவிடும்.

"இதிலிருந்து எளிதாகக் கிடைக்கும்" என்று ஆசிரியர் இரண்டு வரிகளைத் தாண்டும்போது அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். அங்கேயே நின்று யோசித்தால் அடுத்த ஐந்து நிமிடம் போய்விடும். நட்சத்திரம் இருந்தால் மாலையில் அந்த இடத்துக்குத் திரும்ப வரலாம்.

ஸ்லைடு போட்டு நடத்தும் வகுப்பில் ஸ்லைடையே நகலெடுக்காதீர்கள். அது எப்படியும் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். ஸ்லைடு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, அதில் இல்லாமல் ஆசிரியர் சொன்னதை எழுதுங்கள்.

மொழி பற்றி ஒன்று சொல்லவேண்டும். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் முதல் செமஸ்டரில் ஆங்கில விரிவுரையைக் கேட்டு உடைந்துபோவதை அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளிலும் பார்க்கலாம், யாழ்ப்பாணம், பேராதனைப் பொறியியல் பீடங்களிலும் பார்க்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கலைச்சொல்லை ஆசிரியர் சொன்னபடியே எழுதுங்கள், காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். "வெப்பம் வெளியே போகாததால் இந்த உறுப்பு பூச்சியம்" என்று ஓரத்தில் தமிழில் எழுதிய மாணவனுக்கு அந்த வரி புரிந்திருக்கிறது. தேர்வுக்கு முன் அதை ஆங்கில வாக்கியமாக்க ஒரு நிமிடம் போதும். புரியாமல் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் கேள்வி சற்று மாறினாலே உதவாமல் போகும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான்காம் படி: அன்றைக்கே திரும்ப எழுதுதல்

இதுதான் முக்கியமான படி. வகுப்பு முடிந்த அன்றே, அதிகம் போனால் மறுநாள் இரவுக்குள், நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைய தருவித்தலை (சூத்திரத்தை வரிவரியாகப் பெறும் வழியை) வெற்றுத்தாளில் நீங்களாக எழுதிப்பாருங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம். அங்கே மட்டும் நோட்டைத் திறந்து, காரணத்தை இடப்பக்கத்தில் எழுதுங்கள்.

மைக்கேல் ஃபாரடே இதைச் செய்தவர். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த அவருக்கு, 1812இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்க அனுமதிச் சீட்டு கிடைத்தது. அரங்கில் முக்கியச் சொற்கள், சோதனைகளின் பெயர்கள், பொருட்களின் பெயர்கள் என்று சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, வீட்டில் நினைவிலிருந்து விரித்து எழுதினார். படங்களைச் சேர்த்துத் தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அதே நிறுவனத்தில் உதவியாளராக வேலை கிடைத்தது. முறையான உயர்கல்வி இல்லாத ஒருவருக்கு அறிவியல் உலகின் கதவைத் திறந்ததில் அந்த விரிவுரைக் குறிப்புக்கும் பங்கு உண்டு.

எப்படி எழுதுவது என்று ஓர் உதாரணம் பார்ப்போம். தனி ஊசலின் அலைவு நேரம், இரண்டு பை பெருக்கல் நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்ததன் வர்க்கமூலம். பள்ளியிலிருந்தே தெரிந்ததுதான். தருவித்தலில் ஒரு வரியில் சைன் தீட்டா மறைந்து வெறும் தீட்டா வந்து நிற்கும். அந்த இடத்தில் "சிறிய கோணம்" என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். எவ்வளவு சிறியது என்று இடப்பக்கத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். கோணத்தை ரேடியனில் எழுதி, அதன் வர்க்கத்தை 16ஆல் வகுத்தால் அலைவு நேரத்தில் ஏறத்தாழ எவ்வளவு பங்கு கூடும் என்று தெரியும். 5 பாகைக்கு அது 0.05 சதவீதம். 10 பாகைக்கு 0.2 சதவீதம். 30 பாகைக்கு 1.7 சதவீதம்.

1 மீட்டர் ஊசலுக்கு 20 அலைவுகள் சுமார் 40.1 வினாடி எடுக்கவேண்டும். 30 பாகையில் இழுத்துவிட்டால் 40.8 வினாடி ஆகும். அந்த நேரத்தை அப்படியே சூத்திரத்தில் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டிய இடத்தில் 9.47 வரும். ஆய்வகத்தில் விடை ஏன் குறைவாக வந்தது என்று கேட்டால் "மனிதத் தவறு" என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். இடப்பக்கத்தில் இந்தக் கணக்கைச் செய்து வைத்தவர் உண்மையான காரணத்தை எண்ணோடு எழுதுவார்.

எல்லா வகுப்புக்கும் இவ்வளவு செய்ய நேரம் இருக்காது. ஒரு வகுப்புக்கு ஒரு தருவித்தல், நட்சத்திரம் போட்ட இடங்கள், அவ்வளவு போதும்.

ஐந்தாம் படி: பொறியியல் பாடங்களுக்கு

பொறியியல் குறிப்புகளில் படம்தான் முதலில் வரவேண்டும். பீம் என்றால் தாங்கிகள், சுமைகள், அளவுகள். சுற்று என்றால் மின்னோட்டத்தின் திசை. வெப்ப இயக்கவியல் என்றால் எதை அமைப்பு என்று எடுத்துக்கொண்டோம் என்று காட்டும் புள்ளிக்கோடு. படத்தை ஸ்கேலால் அழகாகப் போடவேண்டியதில்லை, ஆனால் அம்புக்குறியின் திசை தவறக்கூடாது. குறி மாறிப்போவதால் போகும் மதிப்பெண்கள்தான் இந்தப் பாடங்களில் அதிகம்.

அடுத்தது அலகுச் சோதனை. இருமுனையும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீமின் நடுவில் ஒரு சுமை இருந்தால் தொய்வு, சுமை பெருக்கல் நீளத்தின் கனம் வகுத்தல் 48 இ ஐ (இ பொருளின் மீட்சிக் குணகம், ஐ வெட்டுமுகத்தின் நிலைமத் திருப்புத்திறன்). நியூட்டன், மீட்டர் என்று போட்டுப் பார்த்தால் இறுதியில் மீட்டர் மட்டும் மிஞ்சவேண்டும். மிஞ்சவில்லையென்றால் நீங்கள் நகலெடுத்ததில் பிழை இருக்கிறது, அல்லது பலகையிலேயே பிழை இருந்திருக்கிறது.

அதோடு நிற்காமல் சூத்திரத்தைக் கேள்வி கேளுங்கள். அதே மொத்தச் சுமையைப் பீம் முழுக்கப் பரப்பிவைத்தால் தொய்வுச் சூத்திரத்தில் 1 வகுத்தல் 48க்குப் பதில் 5 வகுத்தல் 384 வரும். இரண்டையும் ஒப்பிட்டால் பரப்பிய சுமையின் தொய்வு நடுச்சுமையின் தொய்வில் 0.625 பங்கு. சுமை தாங்கிகளை நோக்கி நகர்ந்தால் தொய்வு குறையத்தானே வேண்டும்? குறைந்திருக்கிறது. செவ்வக வெட்டுமுகத்தின் உயரத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும், அகலத்தை இரட்டித்தால் பாதிதான் ஆகும். வீட்டுக் கூரையில் பீமை ஏன் அகலமான பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைக்கிறார்கள் என்பதற்கு இதுவே விடை. ஒவ்வொரு சூத்திரத்துக்கும் இப்படி இரண்டு கேள்விகளை இடப்பக்கத்தில் எழுதினால் அது மறக்காது. வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவதும் இதே கேள்விகள்தான்.

கடைசியாக, எல்லையை எழுதுங்கள். குழாய்ப் பாய்வில் ரெனால்ட்ஸ் எண் (பாய்வு சீரா, கொந்தளிப்பா என்று காட்டும் எண்) ஏறத்தாழ 2,300க்குக் கீழே இருந்தால்தான் சீரோட்டச் சூத்திரம். பீம் சூத்திரம் மீட்சி எல்லைக்குள் மட்டும். இலட்சிய வாயுச் சமன்பாடு அதிக அழுத்தத்தில் பிசகும். சூத்திரத்தைச் சுற்றிக் கட்டம் போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கட்டத்துக்குள்ளேயே எல்லையையும் எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: புள்ளியியலுக்கு

புள்ளியியல் நோட்டுதான் மற்றவற்றைவிட எளிதில் ஏமாற்றும். சூத்திரங்கள் குறைவு, கணக்கு கூட்டலும் வகுத்தலும்தான். பக்கம் பக்கமாகச் சரியாக எழுதியிருப்பார்கள், ஆனால் எந்தச் சோதனையை எப்போது பயன்படுத்துவது என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். எனவே இங்கே ஒவ்வொரு தலைப்புக்கும் சிறிய எண்களை வைத்துக் கையால் ஒரு கணக்கைச் செய்து வைக்கவேண்டும். கால்குலேட்டரோ மென்பொருளோ தரும் விடையில் இந்தப் புரிதல் கிடைப்பதில்லை.

2, 4, 9 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 5. சராசரியிலிருந்து விலகல்கள் −3, −1, +4. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 26. இதை 3ஆல் வகுத்தால் 8.67, 2ஆல் வகுத்தால் 13. மாதிரியின் பரவற்படிக்கு (வேரியன்ஸ்) ஏன் ஒன்று குறைத்து வகுக்கிறோம்? விலகல்களைக் கூட்டிப்பாருங்கள், பூச்சியம். எப்போதும் பூச்சியம்தான் வரும். முதல் இரண்டு விலகல்கள் தெரிந்துவிட்டால் மூன்றாவது தானாகவே முடிவாகிவிடுகிறது. அதாவது சுதந்திரமான தகவல் இரண்டுதான். "டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்" என்று பாடம் முழுக்க வரும் தொடரின் வேர் இதுவே. இதற்குப் பக்கத்தில், முழுத்தொகுதியின் உண்மையான சராசரியே தெரிந்திருந்தால் ஒன்றைக் குறைக்கவேண்டியதில்லை என்றும் எழுதுங்கள். அதுதான் நிபந்தனை.

இன்னொன்று. ஒரு தண்டின் விட்டத்தை ஐந்து முறை அளக்கிறோம்: 10.2, 9.8, 10.1, 10.4, 10.0 மில்லிமீட்டர். சராசரி 10.1. விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.20, நான்கால் வகுத்தால் 0.05. அதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சராசரியின் திட்டப் பிழை 0.1. இனி 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. பழக்கதோஷத்தில் 1.96ஆல் பெருக்கினால் 9.90 முதல் 10.30 வரை கிடைக்கும். ஆனால் இங்கே திட்டவிலக்கமும் (பரவற்படியின் வர்க்கமூலம்) இந்த ஐந்து அளவுகளிலிருந்தே மதிப்பிட்டது. அதனால் டி பரவலில் 4 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்துக்கு உரிய 2.776ஐப் பயன்படுத்தவேண்டும். இடைவெளி 9.82 முதல் 10.38 வரை விரிகிறது. எத்தனை அகலம் கூடியது என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

இந்த டி பரவல் பிறந்த கதையையும் ஒரு வரியில் எழுதிவைக்கலாம். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சிறிய மாதிரிகளை வைத்தே முடிவெடுக்கவேண்டிய தேவையில் இதை ஆராய்ந்து, 1908இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். சிறிய மாதிரி என்ற சிக்கலுக்காகவே உருவானது என்று தெரிந்தால், எப்போது அதைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு அடித்தளம் கிடைத்துவிடுகிறது.

இந்த இடைவெளிக்கு என்ன பொருள் என்பதையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். "உண்மையான விட்டம் இந்த இடைவெளிக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்று எழுதுவது பரவலான பிழை. இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இடைவெளிகளை அமைத்தால், அவற்றில் 95 சதவீதம் உண்மை மதிப்பைத் தன்னுள் கொண்டிருக்கும் என்பதே பொருள். பி மதிப்புக்கும் அப்படித்தான்: இன்மைக் கருதுகோள் (வித்தியாசமோ விளைவோ இல்லை என்ற கருதுகோள்) சரி என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவோ அதைவிடத் தீவிரமானதோ கிடைக்க எவ்வளவு நிகழ்தகவு என்பது அது. இன்மைக் கருதுகோள் சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்று எழுதினால் தவறு. இந்த இரண்டு வாக்கியங்களையும் நோட்டில் சொந்தச் சொற்களில், சந்தேகமில்லாமல் எழுதிவைப்பது பத்துக் கணக்குகள் போடுவதற்குச் சமம்.

வரைபடம் இல்லாமல் எந்தத் தரவுக் கணக்கையும் முடிக்காதீர்கள். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள், ஒன்று தெளிவான வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை ஒரே ஒரு விலகிய புள்ளி கெடுத்திருக்கிறது, நான்காவதில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை செங்குத்தாக அடுக்கியதுபோல நிற்கின்றன. அந்த நான்கு படங்களையும் நேர்கோட்டுப் பொருத்தம் படிக்கும் வாரத்தில் உங்கள் நோட்டில் கையால் வரைந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: குறியீட்டு அட்டவணை

முதலில் காலியாக விட்ட பக்கங்கள் இதற்குத்தான். ஒரே எழுத்து பாடத்துக்குப் பாடம் வேறு வேலை செய்யும். சிக்மா என்றால் பொருள்களின் வலிமையியலில் தகைவு, புள்ளியியலில் திட்டவிலக்கம், மின்னியலில் மின்கடத்து எண், கதிர்வீச்சில் ஸ்டெபான்–போல்ட்ஸ்மன் மாறிலி. ரோ என்றால் அடர்த்தி, மின்தடை எண், ஒட்டுறவுக் கெழு. லாம்டா என்றால் அலைநீளம், ஐகன் மதிப்பு, பாய்சான் பரவலின் வீதம்.

எழுத்து மாறுவது சிறிய தொல்லை. வழக்கு, அதாவது எழுதும் மரபு, மாறுவதுதான் பெரிய தொல்லை. வெப்ப இயக்கவியலின் முதல் விதியைப் பொறியியல் நூல்கள் பெரும்பாலும் "அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை" என்று எழுதும், அமைப்பு செய்யும் வேலை நேர்க்குறி. வேதியியல் நூல்கள் "வெப்பம் + வேலை" என்று எழுதும், அமைப்பின்மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. ஒரு வாயு 100 ஜூல் பெற்று 40 ஜூல் வேலை செய்தால் இரண்டிலும் விடை 60 ஜூல்தான். வழக்கைக் கலந்துவிட்டால் 140 வரும். இரண்டு பாடத்தையும் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் எளிதில் நேரும்.

குழாயின் உராய்வுக் கெழுவும் அப்படித்தான். டார்சி வழக்கில் சீரோட்டத்துக்கு 64ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுக்கவேண்டும், ஃபானிங் வழக்கில் 16ஐ வகுக்கவேண்டும். ஒரு நூலிலிருந்து கெழுவையும் இன்னொரு நூலிலிருந்து சூத்திரத்தையும் எடுத்தால் விடை நான்கு மடங்கு பிசகும். புள்ளியியலில் சராசரி 50, அடுத்து 4 என்று ஓர் இயல்நிலைப் பரவலைக் குறித்திருந்தால் அந்த 4 பரவற்படியா, திட்டவிலக்கமா என்று முதலில் பாருங்கள். பாடநூல்கள் பெரும்பாலும் பரவற்படியை எழுதும், பல மென்பொருள்கள் திட்டவிலக்கத்தைக் கேட்கும். பெருக்குப் பரவல் சில நூல்களில் பூச்சியத்திலிருந்தும் சிலவற்றில் ஒன்றிலிருந்தும் தொடங்கும். புதிய நூலையோ கோப்பையோ திறந்ததும் இவற்றை அட்டவணையில் பதிவுசெய்யுங்கள்.

எட்டாம் படி: கணக்குகளும் பிழைப் பக்கமும்

வகுப்பில் போட்ட கணக்கை மறைத்துவைத்து மீண்டும் போடுங்கள், பிறகு எண்ணை மாற்றிப் போடுங்கள். தவறிய கணக்கை அழித்துவிடாமல் அருகில் காரணத்தை எழுதுங்கள்: குறி தவறு, அலகு தவறு, நிபந்தனை தவறு, வெறும் கூட்டல் தவறு. நோட்டின் கடைசிப் பக்கங்களில் இந்தக் காரணங்களை வரிசையாகச் சேர்த்துவந்தால் உங்களுக்கென்று ஒரு போக்கு தெரியவரும். சிலருக்கு எப்போதும் கெல்வினுக்கு மாற்ற மறந்துபோகும். சிலர் மானி காட்டும் காஜ் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தமான 101.3 கிலோபாஸ்கலைக் கூட்ட மறப்பார்கள். தேர்வறைக்குள் போகும்முன் பார்க்கவேண்டிய பக்கம் இதுதான்.

ஒன்பதாம் படி: வெளியிலிருந்து கிடைக்கும் குறிப்புகள்

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் தன் பாடங்களை இலவசமாகத் திறந்துவிடுவதாக 2001இல் அறிவித்தது. இந்தியாவில் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் இணையவழி விரிவுரைகளுக்கான என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. 2017இல் இந்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்கு விரிவுரையின் எழுத்துவடிவம் கிடைக்கிறது, சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. கிராமத்துக் கல்லூரி மாணவருக்கும் உயர்தர விரிவுரை எட்டும் காலம் இது, நான் உளமார மகிழும் விஷயம்.

ஆனால் வரிசை முக்கியம். உங்கள் வகுப்புக் குறிப்பில் நட்சத்திரம் போட்ட இடத்தைத் தீர்க்க வெளியே போங்கள். வகுப்புக் குறிப்பே இல்லாமல் நாற்பது மணி நேரக் காணொளியைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நான்காவதிலேயே நின்றுவிடுகிறார்கள். கோப்பைத் திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: எந்த வழக்கைப் பின்பற்றுகிறது, எந்த முன்னறிவை எதிர்பார்க்கிறது, கணக்குகளுக்கு விடை இருக்கிறதா. யார் எழுதியது என்றே தெரியாமல் சுற்றிவரும் பிடிஎஃப்களில் அச்சுப்பிழைகள் மலிந்திருக்கும். அலகுச் சோதனை செய்யாமல் ஒரு சமன்பாட்டையும் உங்கள் நோட்டுக்கு மாற்றாதீர்கள்.

பத்தாம் படி: திரும்பப் பார்த்தலும் தேர்வும்

மஞ்சள் மார்க்கரால் கோடுபோட்டு நான்கு முறை வாசிப்பதால் படித்துவிட்ட உணர்வு வரும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்து, சிலரைத் திரும்ப வாசிக்கவும் சிலரை நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே ஒவ்வொரு யூனிட் முடிந்ததும் ஒரு வெற்றுத்தாளில் அதன் வரைபடத்தை நினைவிலிருந்து போடுங்கள்: தலைப்புகள், சூத்திரங்கள், ஒவ்வொன்றின் நிபந்தனை. மறந்ததைச் சிவப்பில் சேர்த்து, ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மீண்டும் போடுங்கள். மூன்றாவது முறை சிவப்பு மை எங்கே எஞ்சியிருக்கிறதோ அங்கே மட்டும் நேரம் செலவிடுங்கள்.

தேர்வின் வடிவத்தோடும் நோட்டை இணைக்கவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையை எடுத்துக்கொண்டால், இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று என்பதே பொதுவான அமைப்பாக இருந்தது. நிபந்தனைகளும் வரையறைகளும் இரண்டு மதிப்பெண் பகுதிக்கு நேரடியாக உதவும். பதின்மூன்றுக்குத் தருவித்தலும் கணக்கும். பதினைந்துக்கு வரும் புதிய சூழலுக்கு, "எந்த நிபந்தனை இங்கே பொருந்துகிறது" என்று கேட்கும் பழக்கம்தான் கைகொடுக்கும். பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வினாவின் எதிரிலும் உங்கள் நோட்டின் பக்க எண்ணைக் குறியுங்கள். எண் எழுத முடியாத வினாக்கள்தான் இன்னும் படிக்கவேண்டிய பகுதி.

தேர்வு முடிந்ததும் நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். வெப்பப் பரிமாற்றத்துக்கு வெப்ப இயக்கவியல் தேவைப்படும், கான்கிரீட் வடிவமைப்புக்குப் பீம் பாடம் தேவைப்படும், இயந்திரக் கற்றல் படிக்கப்போனால் பரவற்படியும் ஒட்டுறவும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் தயாராகும்போது குறியீட்டு அட்டவணை, இடப்பக்கம், பிழைப் பக்கம் மூன்றையும் முதலில் எடுத்து வாசியுங்கள். வலப்பக்கத்தைத் தேவைப்பட்டால் மட்டும் புரட்டினால் போதும்.